அளவறிந்து ஊதும் காற்று: விசையாழி அலகுகளின் படலக் குளிர்விப்பும் எண்முறைக் கணிப்பும்

முன்னுரை

தீயை அடக்கியாளக் கற்ற நாளிலிருந்தே மனித நாகரிகம் வளரத் தொடங்கியது எனலாம். அடுப்புத் தீ உணவைப் பக்குவப்படுத்தியது. உலைத் தீ இரும்பை இளக்கிக் கலப்பையாகவும் வாளாகவும் வடித்துத் தந்தது. எனினும் தீயை ஆளும் கலையில் மாறாத நிபந்தனை ஒன்று உண்டு. தீயைத் தாங்கும் கலம் அத்தீயில் அழியாததாக இருத்தல் வேண்டும். ஈயத்தை உருக்கும் நெருப்பின்மேல் வெறும் ஈயப் பாத்திரத்தை ஏற்றி வைக்க எவரும் துணியார்.

இன்றைய வானூர்தி இயந்திரங்கள் இந்நிபந்தனையை மீறி நிற்கின்றன. தம்மை உருக்கவல்ல வெப்பத்தின் நடுவிலேயே அவ்வியந்திரங்களின் உலோக அலகுகள் பல்லாயிரம் மணி நேரம் உருகாமல் சுழல்கின்றன. இஃது எங்ஙனம் இயல்கிறது? அலகு தாங்குமா தாங்காதா என்பதைச் செய்து பார்ப்பதற்கு முன்னரே கணக்கிட்டு அறிவது எங்ஙனம்? அக்கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் எளிய முறையில் விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

தமிழ் பயிற்றுவிப்போர் இத்தகைய பொருளை எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கான காரணம் கட்டுரையின் இறுதிப் பகுதியில் விளங்கும்.

நம் பகுதியும் இயந்திரங்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்கு இயந்திரம் புதிய பொருளன்று. 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் உலோகத்தைக் கடைந்தும் துளைத்தும் பழகிய கைகள் ஏராளம். ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா என்னும் போர் ஊர்தி வெளிவந்தது. அதன் பின்னர் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்பன தொடர்ந்தன. அதன் அருகிலேயே அவற்றுக்குரிய இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையும், போர் ஊர்தி ஆய்வு மேம்பாட்டு நிறுவனமும் உள்ளன.

அஜேயா, அர்ஜுன், பீஷ்மா ஆகிய மூன்றும் டீசல் இயந்திரத்தால் இயங்குவன. ஆனால் அமெரிக்க நாட்டின் ஏப்ரம்ஸ் என்னும் போர் ஊர்தி 1,500 குதிரைத் திறன் கொண்ட வாயு டர்பைனால் இயங்குகிறது. டீசல் இயந்திரத்தில் எரிதல் விட்டுவிட்டு நிகழ்கிறது. ஒருமுறை எரிந்தபின் புதிய காற்று உள்ளே வருவதால் உலோகத்திற்குச் சற்றே ஓய்வு கிடைக்கிறது. வாயு டர்பைனிலோ தீ ஓயாமல் எரிகிறது. அதன் எதிரே நிற்கும் உலோகத்திற்கு ஒரு நொடியும் ஓய்வில்லை. நாம் ஆராயப் புகும் சிக்கலின் வேர் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது.

வாயு விசையாழி இயங்கும் முறை

டர்பைன் என்பதைத் தமிழில் விசையாழி என்று வழங்குவர். ஆழி என்றால் சக்கரம்; விசை தரும் சக்கரம் விசையாழி. வாயு விசையாழியில் மூன்று உறுப்புகள் முதன்மையானவை. முதலாவது காற்றமுக்கி. இது வெளிக்காற்றை உள்ளிழுத்துப் பன்மடங்கு அழுத்துகிறது. இரண்டாவது எரிகலன். அழுத்திய காற்றில் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் இடம் இதுவே. மூன்றாவது விசையாழி. எரிகலனிலிருந்து சீறி வரும் வெப்ப வாயு இதன் அலகுகளைத் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கத்தியின் வெட்டும் பகுதியைக் குறிக்கும் 'அலகு' என்னும் சொல்லே, சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தப்படும் இவ்வளைந்த உறுப்புக்கும் பொருந்தி வருகிறது.

சக்கரம் பெறும் ஆற்றலின் ஒரு பகுதி காற்றமுக்கியை ஓட்டச் செலவாகிறது. எஞ்சியது விமானத்தை உந்தவோ மின்சாரம் ஆக்கவோ பயன்படுகிறது. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-இல் நிறுவப்பட்ட, 30 மெகாவாட் திறனுள்ள நான்கு பொறிகளைக் கொண்ட மின்நிலையம் இவ்வகையைச் சார்ந்ததே. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இயந்திரங்களும் இவ்வகையினவே.

எரிகலனிலிருந்து வரும் வாயு எவ்வளவு வெப்பமாக உள்ளதோ அவ்வளவு மிகுதியாக ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் ஆற்றலைப் பெறலாம். ஆகவே வாயுவின் வெப்பநிலையை உயர்த்துவதே கடந்த எண்பது ஆண்டுகளாக இயந்திரவியலாரின் தலையாய நோக்கமாக இருந்து வந்துள்ளது. இன்றைய போர் விமான இயந்திரங்களில் அது 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலகுகள் செய்யப்படும் நிக்கல் உலோகக் கலவையோ ஏறத்தாழ 1,300 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். உருகுவதற்கு நெடுமுன்னரே அது வலுவிழந்து, சுழற்சியின் இழுவிசையால் சிறிது சிறிதாக நீளத் தொடங்கும். நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தில் ஓர் அலகு நீண்டு உறையை உரசினாலும் முறிந்தாலும் நேரும் விளைவைக் கூறவும் வேண்டுமோ?

அகத்தே ஓடும் காற்றும் புறத்தே படரும் காற்றும்

இச்சிக்கலுக்கு மூவகைத் தீர்வுகள் கண்டனர். முதலாவது, உலோகத்தை வலுப்படுத்துதல். இரண்டாவது, அலகின்மேல் வெப்பத்தைத் தடுக்கும் பீங்கான் பூச்சு பூசுதல். மூன்றாவது, காற்றால் குளிர்வித்தல். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்பன.

காற்றால் குளிர்விக்கும் எண்ணம் தாரை விமானத்தின் தொடக்க காலத்திலேயே தோன்றிவிட்டது. முதல் தாரை விமானம் 1939 ஆகஸ்டு 27 அன்று செருமனியில் பறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் கிடைப்பதரிதான அந்நாட்டில், யூமோ 004 என்னும் இயந்திரத்தின் அலகுகளை உட்குழிவாகச் செய்து உள்ளே காற்றைச் செலுத்தினர். பற்றாக்குறையே அங்குப் புதுமைக்கு வழிவகுத்தது.

இன்றைய அலகின் உட்புறம் வளைந்து வளைந்து செல்லும் நுண்ணிய பாதைகளால் ஆனது. இப்பாதைகளை உலோகத்தில் எவ்வாறு அமைப்பர்? சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையே இதற்கும் அடிப்படை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண்ணுறை கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பது அம்முறை. விசையாழி அலகில் மண்ணுறைக்குப் பதிலாகப் பீங்கான் உறை இடம்பெறுகிறது. உள்ளேயும் ஒரு பீங்கான் கருவை வைத்து, வார்த்து முடிந்தபின் வேதிமுறையில் கரைத்து நீக்கிவிடுகின்றனர். கரு இருந்த இடமே காற்றுப் பாதையாகிறது.

காற்றமுக்கியிலிருந்து சிறிது காற்றைப் பிரித்தெடுத்து இப்பாதையில் செலுத்துவர். 'குளிர்காற்று' என்று பெயர் பெற்றாலும் அழுத்தப்பட்டமையால் அதன் வெப்பநிலையே 600 டிகிரியை எட்டக்கூடும். 1,500 டிகிரியின் முன்னிலையில் 600 டிகிரி குளிர்ச்சியே அன்றோ? இக்காற்று அலகின் உட்சுவரைத் தழுவி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பின்னர் அலகின் தோலில் இடப்பட்ட, அரை மில்லிமீட்டர் அளவிலான சாய்வான துளைகள் வழியே வெளியேறி, அலகின் புறப்பரப்பின்மேல் மெல்லிய படலமாகப் படர்கிறது. எரிவாயு அலகை நேரே தீண்டாதவாறு இப்படலம் இடையில் நின்று காக்கிறது. இதுவே படலக் குளிர்விப்பு. நாம் குளிருக்குப் போர்வை போர்த்துகிறோம். அலகோ வெப்பத்திற்குக் காற்றையே போர்வையாகப் போர்த்துகிறது.

மிகுதியும் குறைதானே

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். காற்று காக்கும் என்றால் மிகுதியாக ஊதினால் மிகுதியாகக் காக்குமே, இதில் ஆராய என்ன உள்ளது? இவ்வையத்திற்கான விடையே இத்துறையின் உயிர்நாடி.

டம்ளரிலுள்ள பாலை மெல்லச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். பால் டம்ளரின் புறச்சுவரைப் பற்றிக்கொண்டே வழிந்து நம் கையை நனைக்கும். சற்று விரைந்து ஊற்றினால் சுவரை விட்டு விலகிப் பாய்ந்து வீழும். இரண்டின் காரணங்களும் வேறுவேறானவை எனினும், துளையிலிருந்து வெளிப்படும் காற்றின் போக்கும் தோற்றத்தில் இதனை ஒத்ததே. அளவாக ஊதினால் அது பரப்பைத் தழுவிப் படர்கிறது. அளவை மீறி ஊதினால் தாரையாகப் பீறிட்டுப் பரப்பை விட்டு எழுந்துவிடுகிறது. அங்ஙனம் எழும் தாரையின் இருமருங்கும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைச் சுழிகள் தோன்றுகின்றன. இவை பக்கங்களிலுள்ள வெப்ப வாயுவை வாரியிழுத்துத் தாரையின் அடியில், அலகின் தோலை நோக்கியே செலுத்திவிடுகின்றன. காவலுக்கு அனுப்பிய காற்றே பகைவனுக்கு வழிகாட்டி விடுகிறது!

இவ்வளவை 'ஊதல் விகிதம்' என்பர். குளிர்காற்றின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகையை, வெப்ப வாயுவின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் இது கிடைக்கும். ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி சாய்வுடைய உருளைத் துளைகளில், இவ்விகிதம் 0.5-ஐ ஒட்டி இருக்கும்போது படலம் நன்கு படிகிறது என்றும், அதனினும் மிகமிகத் தாரை எழுந்து பயன் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

படலத்தின் பயனை அளக்கவும் ஒரு முறை உண்டு. அலகின் உட்புறக் குளிர்விப்பை நீக்கி, படலம் மட்டுமே செயல்படுவதாகக் கொண்டால், சுவரை ஒட்டிய வெப்பநிலை யாது என்று காண வேண்டும். வாயுவின் வெப்பநிலையிலிருந்து இதைக் கழித்து, அதனை வாயுவுக்கும் குளிர்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் பயன்திறன் கிடைக்கும். சான்றாக, வாயு 1,500 டிகிரி, குளிர்காற்று 600 டிகிரி, சுவரையொட்டி 1,140 டிகிரி எனக் கொள்வோம். 360-ஐ 900-ஆல் வகுத்தால் 0.4. படலம் முழுமையாகக் காத்தால் பயன்திறன் 1. சிறிதும் காக்காவிடில் 0.

துளையின் வடிவமும் பயனை மாற்றும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோல்ட்ஸ்டைன், எக்கெர்ட், பர்கிராஃப் ஆகிய மூவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. துளையின் வாயை விசிறிபோல் விரித்தால் காற்றின் வேகம் தணிந்து, அது எழாமல் பக்கவாட்டில் பரவிப் படிகிறது என்பதை அவர்கள் காட்டினர். இன்று பல அலகுகளில் இத்தகைய விரிவாய்த் துளைகள் உள்ளன. ஆயினும் இவற்றைக் குடைவது கடினம், செலவும் மிகுதி.

ஊதும் காற்றும் விலையின்றிக் கிடைப்பதன்று. எரிபொருளைச் செலவிட்டு அழுத்திய காற்றிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. சில இயந்திரங்களில் காற்றமுக்கி தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குவரை இவ்வாறு குளிர்விப்புக்கே செலவாகிறது. குறைத்து ஊதினால் அலகு கெடும்; கூட்டி ஊதினால் எரிபொருள் கெடும், அலகும் கெடலாம். ஆகவே அளவறிதல் இங்கு இன்றியமையாததாகிறது.

எண்முறைப் போலச்செய்தல்

அளவை அறிவது எங்ஙனம்? சுழலும் அலகின்மேல் வெப்பமானியை வைத்துப் பார்ப்பது எளிதன்று. ஆய்வகத்தில் துளையைப் பலமடங்கு பெரிதாக்கி, வெப்பத்தைக் குறைத்துச் சோதனை செய்யலாம். ஆனால் துளைகளின் எண்ணிக்கை, சாய்வு, இடைவெளி, ஊதல் விகிதம் ஆகியவற்றை மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் சோதிக்கக் காலமும் பொருளும் போதா. எனவே அறிஞர் கணினியின் துணையை நாடினர். இயற்கையில் நிகழ்வதை எண்களைக் கொண்டு கணினிக்குள் நிகழ்த்திப் பார்ப்பதே இம்முறை. இலக்கியத் திறனாய்வில் நாம் 'போலச்செய்தல்' என்று கற்பிக்கும் சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது.

காற்றின் ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகளைப் பிரெஞ்சு நாட்டு நேவியரும் பிரித்தானிய அறிஞர் ஸ்டோக்ஸும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வகுத்தனர். பொருள் அழியாது, உந்தம் காரணமின்றி மாறாது, ஆற்றல் அழியாது என்னும் மூன்று உண்மைகளின் கணித வடிவமே இத்துறைக்கு அடிப்படை. ஆனால் அலகைப் போன்ற சிக்கலான வடிவத்திற்கு இச்சமன்பாடுகளை எழுதுகோலால் தீர்த்து முடிக்க இயலாது. எனவே காற்று ஓடும் இடம் முழுவதையும் பல இலட்சம் சிற்றறைகளாகப் பகுக்கின்றனர்.

ஒவ்வொரு சிற்றறையையும் ஒரு கடையாகக் கொள்ளுங்கள். கடைக்காரர் நாள்தோறும் வரவு, செலவு, இருப்பு என்று கணக்கு எழுதுகிறார் அல்லவா? அதுபோல் ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைந்த காற்று எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, வெப்பம் எவ்வளவு வந்தது, எவ்வளவு சென்றது என்று கணினி கணக்கெழுதுகிறது. ஓரறையின் செலவே அடுத்த அறையின் வரவு. ஆதலின் ஓர் அறையின் கணக்கைத் திருத்தினால் அண்டை அறைகளின் கணக்கும் மாறும். எல்லா அறைகளின் கணக்கும் ஒன்றோடொன்று நேராகும்வரை கணினி மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே இருக்கிறது.

இக்கணக்கில் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே நேராக்குவது பெருந்தடையாக இருந்தது. அதற்கு வழிகண்டவர்களுள் ஒருவர் இந்தியர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. புனேயிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் பயின்று, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1967-இல் முனைவர் பட்டம் பெற்ற சுகாஸ் பதங்கர், தம் ஆசிரியர் ஸ்பால்டிங்குடன் இணைந்து 1972-இல் வெளியிட்ட வழிமுறை 'சிம்பிள்' என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. அவர் 1980-இல் வெளியிட்ட பாடநூலும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகிறது. படலக் குளிர்விப்பையே பொருளாகக் கொண்டு 1970-களின் தொடக்கத்தில் கணித்தவர்களுள்ளும் அவர் ஒருவர்.

கணக்கின் எல்லை

இதுவரை கூறியவற்றால், கணினி கையிலிருக்க இனிச் சோதனைக்கூடம் எதற்கு என்று மாணவர் எண்ணக்கூடும். இவ்வெண்ணமே மிகவும் தீங்கு விளைவிப்பது.

காற்றின் ஓட்டம் அமைதியானதன்று, கொந்தளிப்பு நிறைந்தது. பெருஞ்சுழிக்குள் சிறுசுழி, சிறுசுழிக்குள் நுண்சுழி என அது விரிகிறது. ஒவ்வொரு நுண்சுழியையும் கணக்கில் கொள்ள வேண்டுமாயின் சிற்றறைகள் அத்துணை நுண்ணியவையாதல் வேண்டும். ஓட்டத்தின் கொந்தளிப்பைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கு உயர்ந்தால், தேவைப்படும் அறைகள் நூற்றெழுபது மடங்குக்கு மேல் பெருகும். பேராற்றல் வாய்ந்த கணினிகளும் முழு அலகுக்கு இக்கணக்கை நாள்தோறும் செய்து தர இயலாமல் திணறும்.

ஆகவே நுண்சுழிகளைத் தனித்தனியே கணக்கிடாமல், அவற்றின் சராசரி விளைவைத் தோராயமாகக் குறிக்கும் மாதிரிகளைக் கையாளுகின்றனர். 1970-களில் உருவாகி மிகுதியாக வழங்கிவரும் ஒரு மாதிரி, கொந்தளிப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் கலக்கிறது என்று கொள்கிறது. ஆனால் சுவரை ஒட்டிப் படரும் தாரையில் பக்கவாட்டுக் கலப்பு மிகுதி, மேல்நோக்கிய கலப்பு குறைவு. இதனால் அம்மாதிரியைக் கையாண்ட கணிப்பில், துளைக்கு நேர் பின்னே குளிர்ச்சி உண்மையைவிட மிகுதியாகவும், துளைகளின் இடைவெளியில் உண்மையைவிடக் குறைவாகவும் தோன்றுவது வழக்கம். பெர்ஜெலிஸ், காஸ்மன், லாண்டர் ஆகியோர் 1978-இலேயே இக்குறையைக் களையத் திசைக்கேற்ற திருத்தத்தைப் புகுத்தினர். லேலெக், ஸர்க்கிள் ஆகிய இருவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, துளைக்குள்ளேயும் அதற்குக் காற்றூட்டும் அறையிலும் நிகழும் ஓட்டத்தையும் சேர்த்துக் கணித்தாலன்றித் துளையின் வாயில் நிகழ்வதைச் சரிவர அறிய இயலாது என்பதை உணர்த்தியது. பெருஞ்சுழிகளை நேரே கணித்து நுண்சுழிகளுக்கு மட்டும் மாதிரி கொள்ளும் முறை இன்று வளர்ந்துள்ளது. அது உண்மைக்கு மேலும் நெருங்கியது, செலவு மிக்கது.

சிறு பிழைக்கு இத்துணை அச்சம் எதற்கு? அலகின் உலோக வெப்பநிலையைக் கணிப்பதில் சுமார் 30 டிகிரி பிழை நேர்ந்தாலே அலகின் ஆயுள் பாதியாகக் குறைந்துவிடக்கூடும் என்பது இத்துறை நூல்கள் கூறும் உண்மை. 1,500 டிகிரியில் 30 டிகிரி என்பது நூற்றுக்கு இரண்டே பங்கு. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பெறும் மாணவரைப் பாராட்டுகிறோம். விசையாழி அலகோ அந்த எஞ்சிய இரண்டையும் கேட்கிறது.

ஆகவே நேர்மையான கணிப்பாளர் மூன்று கடமைகளை மேற்கொள்கிறார். ஒன்று, சிற்றறைகளை மேலும் நுண்ணியவாக்கியபோதும் விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தல். சிறப்பாகச் சுவரை ஒட்டிய அறைகள் மிக மெல்லியனவாக இருத்தல் வேண்டும். இரண்டு, அளந்தறிந்த சோதனை ஒன்றை முதலில் கணித்து ஒத்துப் பார்த்தல். சோதனைக்கூடத்தில் வெப்பத்திற்கேற்ப நிறம் மாறும் பூச்சுகளாலும் அகச்சிவப்பு ஒளிப்படக் கருவிகளாலும் பரப்பின் வெப்பநிலையைப் புள்ளிதோறும் அளக்கின்றனர். மூன்று, எங்கே ஒத்தது, எங்கே ஒவ்வவில்லை என்பதை மறையாமல் எழுதுதல். கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாகத் தோன்றும் படம் கண்ணைக் கவரும். தவறான கணக்கும் அதே வண்ணங்களில்தான் தோன்றும் என்பதை மறத்தலாகாது.

காவேரி கற்பிக்கும் பாடம்

இவையெல்லாம் நூலறிவு மட்டும் அல்ல. நம் நாட்டின் அனுபவமுமாகும். கான்பூரில் 1959-இல் தொடங்கி 1961-இல் பெங்களூருக்கு மாறிய வாயு விசையாழி ஆய்வு நிறுவனம், தேஜஸ் இலகு ரகப் போர் விமானத்திற்கென 1980-களின் இறுதியில் ஓர் இயந்திரத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் காவேரி. முழு இயந்திரம் 1996-இல் சோதனை ஓட்டம் கண்டது. ஆயினும் 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதல் பறந்தபோது அதனைத் தூக்கிச் சென்றது அமெரிக்க இயந்திரமே. 2004-இல் ரஷ்யாவில் நடந்த உயர்வானச் சோதனையில் காவேரி வெற்றி பெறவில்லை. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது. எனினும் பணி நின்றுவிடவில்லை. 2010 நவம்பரில் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்தின் நான்கு இயந்திரங்களுள் ஒன்றாகப் பொருத்தப்பட்டுக் காவேரி வானில் இயங்கியது. ஆளில்லா விமானத்தை நோக்கிய அதன் மாற்று வடிவம் பின்னர் மேற்கொள்ளப்பட்டது.

காவேரி எதிர்கொண்ட இடர்கள் பல. அவற்றுள் வெப்பப் பகுதியின் அலகுகளும் அவற்றுக்குரிய உலோகமும் முக்கியமானவை. ஒரே படிகமாக வார்க்கப்படும் அலகுகளைச் செய்யும் திறன் உலகில் மிகச் சில நாடுகளுக்கே உண்டு. அந்நாடுகள் அவ்வறிவை எளிதில் விலைக்குத் தருவதில்லை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இத்தகைய அலகுகளை உருவாக்கி, ஹெலிகாப்டர் இயந்திரத்திற்கென 60 அலகுகளை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திற்கு வழங்கியதாக 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நீண்ட உழைப்பின் பயன் இது.

இப்பணியில் தமிழகத்திற்கும் பங்குண்டு. தேஜஸ் இயந்திரத்தின் சுழற்சியிலிருந்து ஆற்றலைப் பெற்று மின்னாக்கி முதலிய துணைக்கருவிகளை ஓட்டும் பற்சக்கரப் பெட்டி, நம் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆய்வு மேம்பாட்டு நிறுவனத்தில் உருவானது. போர் ஊர்திக்குப் பற்சக்கரம் வகுத்துப் பழகிய அறிவு வானூர்திக்கும் பயன்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் செருமானிய உதவியுடன் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். கணினி, அந்நாளில் நாட்டின் பெருங்கணினிகளுள் ஒன்றாக விளங்கியது. விசையாழி வெப்பவியலை ஆராயும் ஆய்வகம் அங்கு இன்றும் உள்ளது.

காவேரி நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? விமானத்தின் உடலை வடிப்பதைவிட, அரை மில்லிமீட்டர்த் துளையில் காற்றை அளவறிந்து ஊதக் கற்பது அரிது. அவ்வறிவைக் கடனாகப் பெற இயலாது. சோதித்தும் கணித்தும் பிழை திருத்தியும் தாமே ஈட்ட வேண்டும்.

மாணவர்க்கும் மொழிக்கும்

ஆவடி முதல் பூந்தமல்லி வரையிலான நெடுஞ்சாலைகளை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் பல எழுந்துள்ளன. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்று அவற்றில் சேரும் மாணவருள் பலர், அறிவுக்குறையால் அன்று, சொற்குறையால் வாய்மூடி அமர்கின்றனர். வகுப்பில் ஐயம் எழுகிறது. ஆனால் அதைக் கேட்கச் சொல் வரவில்லை. கேளாத ஐயம் நாளடைவில் அச்சமாகி, அச்சம் மனப்பாடமாகி முடிகிறது. பாடம் விளங்காமல் மனப்பாடம் செய்தவர், கணினி தரும் வண்ணப் படத்தையும் விளங்காமலே ஏற்றுக்கொள்வார். 30 டிகிரிப் பிழையைக் கண்டுபிடிக்கும் வினா அவர் நாவில் எழாது. தமிழ் பயிற்றுவிப்போர் இப்பொருளைக் கையிலெடுக்க வேண்டிய காரணம் இதுவே.

மருத்துவ அறிவைத் தமிழில் கற்பிக்க முடியும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் செய்து காட்டினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. ஆங்கிலத்தை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. உலக ஆய்வுகள் அம்மொழியிலேயே வருகின்றன. முதலில் தாய்மொழியில் பொருளை விளங்கிக்கொண்டவர், பிறமொழியில் அதனை எளிதில் எடுத்துரைப்பார் என்பதே நாம் வலியுறுத்துவது. இராமநாதபுரம் பள்ளியில் பயின்று, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்று, பின்னாளில் நாட்டின் பாதுகாப்பு ஆய்வுக்கே தலைமை தாங்கிய டாக்டர் அப்துல் கலாம் நம் கண்முன் நிற்கும் சான்று.

இன்னொரு நற்செய்தியும் உண்டு. ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்களுள் 'ஓப்பன்ஃபோம்' போன்றவை 2004 முதல் விலையின்றியே கிடைக்கின்றன. ஒரு தட்டையான பரப்பு, அதில் ஒரே ஒரு சாய்துளை என்னும் எளிய அமைப்பை மேசைக் கணினியிலேயே கணித்துப் பார்க்கலாம். ஊதல் விகிதத்தை 0.5-இல் தொடங்கி 1 வரை உயர்த்தி, தாரை எழுவதைத் தாமே காணலாம். வெளியான சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்று எழுதலாம். இறுதியாண்டு மாணவர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி அரிது. பெரியோர்கள் இத்தகைய முயற்சிக்கு ஒரு கணினியையும் சிறிது ஊக்கத்தையும் அளித்து உதவினால், அது தலைமுறைக்கும் நிற்கும் அறமாகும்.

முடிவுரை

உருக்கும் வெப்பத்தின் நடுவே அலகைக் காப்பது மெல்லிய காற்றுப் படலம். அப்படலம் நிலைப்பது ஊதும் அளவைப் பொறுத்தது. குறைந்தால் காவல் இல்லை. மிகுந்தால் காவலே கேடாகிறது. அவ்வளவைக் காட்டும் கருவியாக எண்முறைக் கணிப்பு வளர்ந்துள்ளது. அக்கருவிக்கும் ஓர் அளவுண்டு. அதனைச் சோதனையோடு ஒத்துப் பார்ப்பவர்க்கே அது துணை. கண்ணை மூடி நம்புவார்க்கு அது மயக்கமே.

காற்றின் அளவை அறிதல் பொறியியல். தம் கணக்கின் அளவை அறிதல் அறிவு. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற இளைஞர்கள் நம் வகுப்பறைகளிலிருந்து எழ வேண்டும். அவர்கள் தயங்காமல் வினவுவதற்கு வேண்டிய சொற்களை அளிப்பது தமிழாசிரியர்களாகிய நம் கடமையாகும்.